வெள்ளக் காட்டில் படகுப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

அமேசான் காட்டில் வழிகாட்டியுடன் படகில் சென்று காட்டுயிர்களைப் பார்ப்பது பற்றி வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறேன். அமேசான் காடு எட்டு நாடுகளிலும் பிரெஞ்சு கயானாவிலும் பரந்து கிடக்கிறது. நான் பயணம் செய்து அறிந்தது பிரேசிலின் மனாவுஸ் நகரும், அதற்கு மேற்கே ஆற்றின் மேல்திசையில் உள்ள டெஃபே வட்டாரமும் என்பதால், பதில்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சார்ந்தே இருக்கும்.

நான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. அமேசானுக்கு எந்த மாதத்தில் செல்வது நல்லது? மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள் என்று பயண முகவர் சொல்கிறார்.
வாசகி, தஞ்சாவூர்

அமேசானில் மழையைவிட ஆற்றின் மட்டத்தைப் பார்த்தே மாதத்தை முடிவு செய்ய வேண்டும், அம்மா. மனாவுஸ் வட்டாரத்தில் டிசம்பர் முதல் மே வரை மழை வலுத்துப் பெய்கிறது. ஆண்டீஸ் மலையிலிருந்து இறங்கும் நீரும் வடிநிலமெங்கும் பெய்த மழையும் வந்து சேர்ந்து ஆறு உச்சத்தைத் தொடுவதற்குப் பெரும்பாலும் ஜூன் மாதம் ஆகிவிடுகிறது. பிறகு வடியத் தொடங்கி, அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ அடிமட்டத்துக்கு வருகிறது. சாதாரண ஆண்டிலேயே இந்த இரண்டு மட்டங்களுக்கும் இடையே சுமார் பத்து மீட்டர் வேறுபாடு உண்டு. மனாவுஸ் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டம் பதிவு செய்யப்பட்டு வருகிறது; அந்தப் பதிவில் மிக உயர்ந்த மட்டமான 30 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவு 2021-லும், 13 மீட்டருக்கும் கீழான மிகத் தாழ்ந்த மட்டங்கள் 2023, 2024 ஆண்டுகளிலும் பதிவாகியுள்ளன.

வெள்ளம் ஏறிய மாதங்களில் ஆறு கரையைக் கடந்து காட்டுக்குள் பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நிற்கிறது. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் தெரியாத கிளைகளுக்கு நடுவே உங்கள் சிறு படகு செல்லும். குரங்குகளும் பறவைகளும் கண்ணுக்கு நேராக இருக்கும். கிளையில் ஒட்டிய ஆர்க்கிட் செடியின் வேர்களைக்கூட எட்டிப் பார்க்கலாம். ஆண்டில் பாதி நாள் நீரில் மூழ்கியும் பட்டுப்போகாத மரங்கள் இவை. ஆண்டீஸின் வண்டலைச் சுமந்து வரும் ஆறுகள் மூழ்கடிக்கும் காட்டை அங்கே வார்சியா என்றும், வண்டல் இல்லாத கருநீர் ஆறுகள் மூழ்கடிக்கும் காட்டை இகப்போ என்றும் சொல்கிறார்கள். வார்சியா வளமானது, மீனும் பறவையும் விலங்கும் அதில் மிகுதி. இகப்போவில் உயிர்கள் அவ்வளவு அடர்த்தியாக இல்லை, ஆனால் கொசுத் தொல்லை வெகுவாகக் குறைவு.

உங்கள் பாடத்துக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. இந்த மரங்களில் பல, வெள்ளம் நிற்கும் மாதங்களில்தான் பழுக்கின்றன. கீழே விழும் பழங்களுக்காக மீன்கள் காட்டுக்குள் வருகின்றன. தம்பாக்கி என்ற பெரிய மீனின் வாயைத் திறந்து பார்த்தால் மனிதப் பற்களை ஒத்த தட்டையான கடைவாய்ப் பற்கள் இருக்கும். கடினமான கொட்டைகளை அவற்றால் நொறுக்கித் தின்கிறது. பழங்களோடு விழுங்கிய சிறு விதைகளை வெகுதொலைவில் கழித்து, காட்டின் விதைப்பையும் அதுவே செய்கிறது. பழமரத்தடியில் படகை நிறுத்தி, பழம் தண்ணீரில் விழும் சத்தத்தையும் அடுத்த நொடியில் நீர் சுழிப்பதையும் கவனித்துப் பாருங்கள். நூலில் படித்த எதுவும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது.

நீர் வடிந்த மாதங்களுக்கும் தனிச் சிறப்பு உண்டு. மீன்கள் சுருங்கிய ஏரிகளில் அடைபடுவதால் கொக்குகளும் நாரைகளும் நீர்க்காகங்களும் கூட்டமாக வந்து இறங்கும். கெய்மன் முதலைகள் கரையோரம் எண்ணிக்கையில் பெருகித் தெரியும். காட்டுக்குள் நடந்தும் செல்லலாம். இருந்தாலும் மரங்களை நேசிக்கும் ஒருவருக்கு மே நடுவிலிருந்து ஜூலை நடுவரைதான் என் பரிந்துரை. முகவர் தவிர்க்கச் சொல்லும் மழையின் கடைசிப் பகுதி அதன் தொடக்கத்தில் சிறிது இருக்கும். பகலில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும் மழை அது. அதற்காக வெள்ளக் காட்டை இழக்க வேண்டாம்.

சிறுத்தையைவிடப் பெரியது என்று சொல்லப்படும் ஜாகுவாரையும் அனகோண்டா பாம்பையும் நேரில் பார்க்க முடியுமா? படங்களில் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது.
வாசகர், மதுரை

ஜாகுவாரைப் பார்ப்பதுதான் முதல் நோக்கம் என்றால் அமேசானுக்குப் போகாதீர்கள். பிரேசிலின் தென்மேற்கில் உள்ள பன்டனால் சதுப்புநிலத்தில், ஆற்றங்கரையில் படுத்திருக்கும் ஜாகுவாரைப் படகிலிருந்தே பார்க்கும் வாய்ப்பு மிக அதிகம். அமேசானில் ஜாகுவார் நிறைய உண்டு. காடு அதை மறைத்துவிடுகிறது. டெஃபேவுக்கு அருகிலுள்ள மாமிராவா காப்பகத்தில் நிலமே இல்லாமல் எல்லாம் மூழ்கும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஜாகுவார்கள் மரங்களின் மேலேயே வாழ்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். கிளையிலேயே குட்டி வளர்த்து, மரத்துக்கு மரம் நீந்திச் சென்று, மரத்தில் தொங்கி மெல்ல நகரும் ஸ்லாத் என்ற விலங்கையும் குரங்கையும் முதலையையும் வேட்டையாடுகின்றன. அப்படிப்பட்ட விலங்கு உங்கள் தலைக்கு மேலே இருந்தும் உங்கள் கண்ணில் படாமல் போகலாம். அனகோண்டாவும் அப்படித்தான், பார்ப்பவர்கள் சிலர், பார்க்காதவர்கள் மிகப் பலர்.

படங்களில் காட்டுவது ஆண்டுக்கணக்கில் காத்திருந்து எடுத்த காட்சிகளின் தொகுப்பு. ஒரு வாரப் பயணத்தில் ஏறத்தாழ உறுதியாகப் பார்க்கக் கூடியவற்றைச் சொல்கிறேன்: இரண்டு வகை ஆற்று டால்ஃபின்கள், அணில் குரங்குகள், விடியற்காலையில் காடே அதிரும்படி முழங்கும் ஹவ்லர் குரங்குகள், ஜோடி ஜோடியாகப் பறக்கும் பஞ்சவர்ணக் கிளிகள், டூக்கான்கள், மீன்கொத்திகள், பாம்புத்தாராக்கள், பச்சை இகுவானா ஓணான்கள், கெய்மன்கள், ஸ்லாத்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பறவைக்காக நான் கூடுதலாக ஒரு பத்தி கேட்டுக்கொள்கிறேன். ஹோட்ஸின் என்று பெயர். கோழி அளவு இருக்கும். தலையில் விரிந்த கொண்டை, நீல முகம், சிவந்த கண். பெரும்பாலும் இலைகளையே தின்று, அசைபோடும் கால்நடைகளின் வயிற்றில் நடப்பதுபோன்ற நொதித்தலைத் தன் தீனிப்பையில் நடத்துகிறது. அதனாலேயே அதன் உடலில் சாண வாடை வீசும், வேட்டைக்காரர்களும் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். அதன் குஞ்சுக்கு இறக்கைகளில் இரண்டிரண்டு நகங்கள் உண்டு. பகை நெருங்கினால் குஞ்சு கூட்டிலிருந்து நேராகத் தண்ணீரில் குதிக்கிறது; ஆபத்து விலகியதும் இறக்கை நகங்களைக் கொடியில் மாட்டி, அலகாலும் கால்களாலும் பற்றி, மெல்ல மெல்ல மேலே ஏறிக் கூட்டுக்குத் திரும்புகிறது. ஏரிக்கரைப் புதர்களில் இந்தப் பறவை சாதாரணமாகக் காணக் கிடைக்கிறது. ஆனாலும் பெரிய விலங்குகளைத் தேடும் படகுகள் அதைக் கடந்து போய்விடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத விலங்கை வழிகாட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறார்? நல்ல வழிகாட்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகர், கோயம்புத்தூர்

ஆற்றங்கரைச் சமூகத்தில் பிறந்து வளர்ந்தவரைத் தேடுங்கள். ஆங்கிலம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. மொழிபெயர்க்க இன்னொருவர் உடன் வருவார். வழிகாட்டி வேலை செய்யும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பல விஷயங்கள் புரியும். காட்டின் ஓரத்துக்கு வந்ததும் என்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுப்பார். துடுப்பைத் தண்ணீரிலிருந்து முழுதாக எடுக்காமல் உள்ளேயே திருப்பிச் செலுத்துவதால் சொட்டும் சத்தம்கூட வராது. முதலில் அவர் பார்ப்பது விலங்கை அன்று. அசையும் கிளையை, பாதி தின்று போட்ட பழத்தை, எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் பறவையை. கரையோரத்தில் செக்ரோப்பியா மரம் வந்தால் நின்று, ஒவ்வொரு கவட்டையாகப் பார்ப்பார். அகன்ற இலைகள் இடைவெளி விட்டு நிற்கும் அந்த மரத்தில்தான் ஸ்லாத் எளிதாகத் தெரியும். கறையான் கூடு என்று நாம் நினைத்த உருண்டை ஒன்று, சற்று நேரத்தில், நீண்ட கையை வெகு நிதானமாக நீட்டி அடுத்த இலையைப் பிடிக்கும். தொலைநோக்கியில் பார்த்தால் அதன் ரோமத்தில் பாசியின் பச்சை தெரியும். வாரத்துக்கு ஒருமுறை அளவில், பெரும்பாலும் மலம் கழிப்பதற்காகவே அது மரத்தை விட்டு இறங்குகிறது.

முன்பதிவுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பயணிகள்? எட்டுப் பேருக்கு மேல் என்றால் வேறு படகு பாருங்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளம்புவார்களா? காலை ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் படகில் வெயிலை மட்டுமே பார்க்கலாம். துடுப்புப் படகு உண்டா, எல்லாப் பயணமும் என்ஜின் படகிலா? விலங்கைக் கையில் தருவீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள். "ஆமாம், தருகிறோம்" என்று பெருமையாகச் சொன்னால் அந்த இடத்தை அத்துடன் விட்டுவிடுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனாவுஸை ஒட்டிய சில சுற்றுலாப் படகுகள், கயிற்றில் கட்டிய ஸ்லாத்தையும் வாயைக் கட்டிய கெய்மன் குட்டியையும் அனகோண்டாவையும் பயணிகளின் தோளில் போட்டுப் படம் எடுக்க விடுகின்றன. பிரேசிலில் காட்டுயிரை அனுமதியின்றிப் பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம். ஸ்லாத்தின் முகத்தோற்றம் எப்போதும் சிரிப்பது போலவே அமைந்திருப்பதால், பயத்தில் உறைந்திருக்கும் விலங்கை மகிழ்ச்சியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பணம் கொடுத்து எடுக்கும் ஒவ்வொரு படமும் இன்னொரு தாயிடமிருந்து இன்னொரு குட்டியைப் பிரிக்கிறது. இரவில் கெய்மன் பார்க்கச் செல்லும்போதும் இதே எச்சரிக்கை தேவை. விளக்கொளி பட்டதும் அதன் கண்கள் செந்நிறத்தில் ஒளிரும். விளக்கை விலக்கி, படகைத் தொலைவில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். வழிகாட்டி அதைப் பிடிக்கக் கை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு; பயணிகள் கேட்காவிட்டால் பெரும்பாலான வழிகாட்டிகள் அதைச் செய்யவே மாட்டார்கள்.

இளஞ்சிவப்பு டால்ஃபின்களோடு நீந்தலாம் என்று விளம்பரத்தில் பார்த்தேன். என் மகளுக்கு மிகவும் ஆசை. அழைத்துச் செல்லலாமா?
வாசகி, திருச்சி

டால்ஃபினைப் பார்க்க அழைத்துச் செல்லுங்கள். தீனி போட்டு வரவழைக்கும் இடத்தில் நீந்த அழைத்துச் செல்லாதீர்கள். ரியோ நெக்ரோ கரையில் உள்ள நோவோ ஐராவ் ஊரில் 1990-களின் பிற்பகுதியில் மிதவை ஒன்றில் டால்ஃபின்களுக்கு மீன் கொடுக்கத் தொடங்கி, அது சுற்றுலாவாக வளர்ந்தது. பிற்பாடு தீனியின் அளவுக்கும் தொடுவதற்கும் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தார்கள். கட்டுப்பாடு பார்க்காத மிதவைகளும் மனாவுஸைச் சுற்றி உண்டு. தீனிக்குப் பழகிய டால்ஃபின்கள் ஒன்றையொன்று கடித்து விரட்டுகின்றன, மனிதர் கையையும் கடித்துவிடுகின்றன, மீனவர்களின் வலைக்கும் அச்சமின்றி நெருங்கிவிடுகின்றன. மீனைக் கிழித்துத் திருடும் விலங்கு என்று மீனவர்களுக்கு ஏற்கனவே அதன்மீது கோபம் உண்டு. பிராக்கட்டிங்கா என்ற மீனைப் பிடிப்பதற்குத் தூண்டிலிரையாகவே டால்ஃபின்களைக் கொன்றுவந்தார்கள். அதைத் தடுக்கத்தான் அந்த மீன்பிடிப்பை 2015-ல் பிரேசில் அரசு தடை செய்தது. உலக அளவிலான அழிநிலைப் பட்டியலில் 2018 முதல் இந்த டால்ஃபின் அருகிவரும் இனமாக உள்ளது.

ஆற்றங்கரை மக்களின் நம்பிக்கையில் இதற்குத் தனி இடம் உண்டு. ஜூன் மாதத் திருவிழா இரவுகளில் டால்ஃபின் வெள்ளை உடை அணிந்த அழகிய இளைஞனாகக் கரையேறி, தலை உச்சியில் உள்ள மூச்சுத் துளையை மறைக்கத் தொப்பி போட்டுக்கொண்டு, நடனமாடும் பெண்களை மயக்கிவிட்டு விடியுமுன் ஆற்றுக்குத் திரும்பும் என்பார்கள். உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி, மாலை நேரத்தில் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் படகை நிறுத்தி, பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். கண்ணுக்கு முன் காதில் விழும்: ஆழமான பெருமூச்சு ஒன்று, படகின் மிக அருகில். பெரிய ஆண் டால்ஃபின் நல்ல இளஞ்சிவப்பாக இருக்கும். இளையவை சாம்பல் நிறம். முதுகில் துடுப்பு இல்லை, நீண்ட தாழ்ந்த மேடு மட்டுமே. கடல் டால்ஃபின்களைப் போலன்றிக் கழுத்து எலும்புகள் இணையாமல் இருப்பதால் தலையைப் பக்கவாட்டில் திருப்ப முடிகிறது, மூழ்கிய மரங்களுக்கு நடுவே வளைந்து நீந்த முடிகிறது. சிறியதாக, சாம்பல் நிறத்தில், முக்கோணத் துடுப்போடு குதித்து எழுவது டுக்குஷி என்ற இன்னொரு வகை.

மனாவுஸில் இரண்டு ஆறுகள் கலக்காமல் ஓடுவதாகப் பாடப்புத்தகத்தில் படித்தேன். ஏன் கலப்பதில்லை?
பள்ளி மாணவர், திருநெல்வேலி

வடக்கிலிருந்து வரும் ரியோ நெக்ரோ, மக்கிய இலைகளின் சாறு இறங்கியதால் கடுந்தேநீர் டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. வண்டல் அதில் கிட்டத்தட்ட இல்லை. மேற்கிலிருந்து வரும் சொலிமோயிஸ், ஆண்டீஸ் மண்ணைக் கரைத்துக்கொண்டு பழுப்பாக வருகிறது. நெக்ரோ வெப்பம் கூடியது, மெல்ல ஓடுவது. சொலிமோயிஸ் குளிர்ச்சியானது, அடர்த்தி மிக்கது, அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடுவது. வெப்பம், வேகம், அடர்த்தி மூன்றும் வேறுபடுவதால் சுமார் ஆறு கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டும் கோடு போட்டாற்போல் பக்கம் பக்கமாக ஓடிப் பிறகு கலக்கின்றன. படகு அந்தக் கோட்டைக் கடக்கும்போது கையை நீரில் வைத்திருந்தால் குளிர்ச்சி மாறுவதை உணரலாம். நெக்ரோவின் நீர் அமிலத்தன்மை கொண்டது, சத்துகள் குறைந்தது. முதல் பதிலில் சொன்னபடி அந்தப் பக்கத்தில் கொசு குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

என் பாட்டியும் தாத்தாவும் மலாயாவின் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர்கள். அந்த மரம் அமேசானிலிருந்து வந்தது என்கிறார்கள். பயணத்தின்போது அந்த மரத்தைக் காட்டில் பார்க்க முடியுமா?
வாசகி, கிள்ளான், மலேசியா

பார்க்க முடியும், தோட்டத்தில் பார்த்தவருக்கு அது வேறு மரம் போலவே தோன்றும். காட்டில் அவை வரிசையாக நிற்பதில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வெகுதூரம் இருக்கும். இலைகளைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் அமேசானில் இருப்பதால், நெருக்கி நட்டால் தோட்டமே அழிந்துவிடுகிறது. ஹென்றி ஃபோர்டு 1928-ல் தபஜோஸ் ஆற்றங்கரையில் தொடங்கிய பெருந்தோட்டம் அப்படித்தான் வீணாயிற்று.

அமேசானின் கீழ்ப்பகுதியிலிருந்து ஹென்றி விக்காம் 1876-ல் சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கும், 1877-ல் சில சிங்கப்பூருக்கும் வந்தன. பூஞ்சை நோய் உடன் வராததால் ஆசியாவில் அவை நெருக்கமாக வளர்ந்தன. கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட உங்கள் பாட்டி தாத்தா போன்றவர்களின் உழைப்பில் மலாயா ரப்பர் உலகச் சந்தையைப் பிடித்தது. ரப்பர் பணத்தில் 1896-ல் இசை நாடக அரங்கம் திறந்த மனாவுஸ், 1910-களில் நொடித்துப்போனது. அங்கே பால் எடுத்தவர்களின் வாழ்க்கையும் கடனில் கட்டுண்ட வாழ்க்கைதான்: முதலாளியின் கடையில் அரிசியும் கத்தியும் கடனுக்கு வாங்கி, பாலைக் கொடுத்துக் கடனை அடைக்கப் பார்த்து, அடைக்க முடியாமலே காட்டில் முடிந்தவர்கள் ஏராளம். மனாவுஸிலிருந்து படகில் செல்லக்கூடிய தூரத்தில், பால்மரக் காட்டு வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. முதலாளியின் வீட்டையும், பால் எடுப்பவரின் ஓலைக் குடிலையும், புகையில் பாலை உறையவைத்து உருண்டையாக்கும் முறையையும் பார்க்கலாம். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

இயற்கை சார்ந்த இன்னொரு தகவல்: பால்மரத்தின் காய் முற்றியதும் வெடித்து, விதைகளைத் தூர வீசும். வெள்ளக் காட்டில் அந்த விதைகள் தண்ணீரில் விழுவதற்காகக் காத்திருப்பது, முன்பு சொன்ன தம்பாக்கி மீன்தான். மீனவர்கள் தூண்டிலில் இந்த விதையையே இரையாக வைக்கிறார்கள்.

எனக்கு அறுபத்து நான்கு வயது. சைவ உணவு மட்டுமே சாப்பிடுவேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? வேறு என்ன ஏற்பாடுகள் தேவை?
வாசகர், சென்னை

ஊசியைப் பற்றி முதலில் சொல்கிறேன். பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாதவர்களை விமான நிலையச் சுகாதார அதிகாரிகள் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடுவதில் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியால் செய்த தடுப்பூசி இது; அறுபது வயதைக் கடந்தவர்களுக்குப் பக்கவிளைவு அபாயம் சற்று அதிகம். நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மிகுந்த கவனம் காட்ட வேண்டும். ஆகவே பயணச்சீட்டு வாங்கும் முன்பே உங்கள் மருத்துவரிடம் உடல்நிலையைச் சொல்லி முடிவு கேளுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றியும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். டெஃபே பக்கம் போவதாக இருந்தால் அது முக்கியம்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு பிரேசில் விசா வேண்டும். சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாக சாவ் பாவ்லோவுக்கும், அங்கிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேர விமானத்தில் மனாவுஸுக்கும் செல்வது வழக்கமான பாதை. நேரே படகுக்குப் போகாமல் மனாவுஸில் ஒரு முழு நாள் ஓய்வெடுங்கள். உங்கள் வயதில் அது அவசியம்.

சைவ உணவு கிடைக்கும். முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சோறும் அவரைவகைப் பயறும் மரவள்ளி மாவும் அங்கே அன்றாட உணவு. ஆனால் பயற்றைப் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைக்கிறார்கள், ஆகவே தனியாக வேகவைக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். வாழைக்காய் வறுவல், முட்டை சாப்பிடுவதானால் முட்டை, டுக்குமா என்ற பனைவகைப் பழத்தின் சதை வைத்த ரொட்டி, குப்புவாசு பழச்சாறு எல்லாம் உண்டு. ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுசென்றால் பொழுது நன்றாகப் போகும். உடைக்கு வெளிர்நிற முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் போதும். கேமராவுக்குச் செலவழிப்பதைவிட, 8 மடங்கு பெருக்கும் நல்ல தொலைநோக்கிக்குச் செலவு செய்யுங்கள். அசையும் படகில் அதற்கு மேல் பெருக்கினால் காட்சி நடுங்கும்.

பெரிய சொகுசுக் கப்பலில் செல்வதா, சிறு விடுதியில் தங்கிப் படகில் சுற்றுவதா? நாம் செலவழிக்கும் பணம் அந்தக் காட்டுக்கு நன்மை செய்யுமா?
வாசகர், யாழ்ப்பாணம்

அட்லாண்டிக் கடலிலிருந்து மனாவுஸ்வரை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தூரத்துக்குக் கடல் கப்பல்களே வருகின்றன. அவற்றின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் ஆறு பிரமாண்டமாகத் தெரியும். கரை ஒரு பச்சைக் கோடாகவே இருக்கும். உள்ளூர் மக்கள் ஏறிச் செல்லும் இரண்டு மூன்று அடுக்குப் படகுகளில் தூளி கட்டிப் படுத்துக்கொண்டு டெஃபே வரை போவதும் அருமையான அனுபவம், ஆனால் அது போக்குவரத்து. விலங்கு பார்க்க எங்கும் நிற்காது. விலங்குகளுக்காகச் செல்பவர்களுக்குச் சிறு விடுதியும் சிறு படகுமே சரி. பெருவில் இக்கிட்டோஸ் நகருக்குத் தெற்கே, இரண்டு பெரும் ஆறுகளுக்கு இடையில் இருபது லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்த பக்காயா சாமிரியா காப்பகமும் இதற்கு ஏற்ற இடம். பிரேசிலில் என் தேர்வு மாமிராவா.

காரணத்தை விளக்க வேண்டும். வெள்ளை உடலும் முடியற்ற செந்நிற முகமும் கொண்ட உவாக்கரி குரங்கை ஆராய்வதற்காக 1980-களில் இந்தப் பகுதிக்கு வந்த ஜோசே மார்சியோ அய்ரெஸ் என்ற பிரேசில் அறிஞர், இந்தக் காட்டைக் காக்க அரசிடம் போராடினார். 1990-ல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டபோது, அன்றைய சட்டப்படி மக்கள் உள்ளே வசிக்கக்கூடாது. தலைமுறைகளாக அங்கேயே மீன் பிடித்து வாழ்ந்தவர்களை வெளியேற்றிவிட்டுக் காட்டைக் காப்பது முறையல்ல, நடக்கக்கூடியதும் அல்ல என்று அய்ரெஸும் அவரோடு உழைத்தவர்களும் வாதிட்டதன் விளைவாக, 1996-ல் மக்கள் உள்ளேயே வாழ்ந்து வளத்தை அளவோடு பயன்படுத்தும் புதுவகைக் காப்பகமாக அது மாற்றப்பட்டது. பிரேசிலில் அந்த வகையில் அதுவே முதல்.

அதன் பயனை பிராருக்கு மீனில் காணலாம். இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் இந்த மீன் காற்றைச் சுவாசிப்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். அதனாலேயே ஈட்டிக்கு எளிதாக இரையாகி, பல இடங்களில் அருகிப்போனது. மூச்சுக்காக மீன் எழும் நொடியில், நீர் சுழிக்கும் விதத்தையும் சத்தத்தையும் வைத்து, இது முன்பு எழுந்த மீனா வேறு மீனா என்று சொல்லிவிடும் தேர்ச்சி முதிய மீனவர்களுக்கு உண்டு. அந்தத் தேர்ச்சியையே ஆய்வாளர்கள் கணக்கெடுப்பு முறையாக்கினார்கள். ஏரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து எண்ணி, வளர்ந்த மீன்களில் அதிகபட்சம் 30 விழுக்காட்டை மட்டுமே அந்த ஆண்டு பிடிக்க அனுமதி. 1999-ல் தொடங்கிய இந்த முறையால் மீன் பல மடங்கு பெருகியது, மீனவர்களின் வருமானமும் கூடியது. எண்ணத் தெரிந்த அந்த மீனவர்களே இன்று ஏரிகளுக்குக் காவலும் இருக்கிறார்கள். காப்பகத்துக்குள் உள்ள மிதக்கும் விடுதியில் வழிகாட்டுபவர்களும் சமைப்பவர்களும் அதே ஊர்களைச் சேர்ந்தவர்கள். வருமானத்தில் ஒரு பங்கு ஊர்களுக்குச் செல்கிறது. உங்கள் பணம் நன்மை செய்யுமா என்ற கேள்விக்கு, பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தே நான் பதில் சொல்வேன். இங்கே அது காட்டைக் காப்பவர்களின் கைக்கே போகிறது.

இவர்களாலும் தடுக்க முடியாத ஒன்று வறட்சி. 2023 செப்டம்பர் கடைசியில் டெஃபே ஏரி சுருங்கி, நீரின் வெப்பம் 40 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறியது. சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட டால்ஃபின்கள் செத்து மிதந்தன. மாமிராவா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் ஊர்மக்களும் சடலங்களை இழுத்து வந்து பரிசோதித்த நாட்களை எண்ணினால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அடுத்த ஆண்டு ஆறு அதைவிடவும் தாழ்ந்தது. பல ஊர்களுக்குக் குடிநீரும் உணவும் கொண்டுசெல்லப் படகு போக முடியவில்லை. எனவே செப்டம்பர் முதல் நவம்பர் வரை பயணம் திட்டமிடுபவர்கள், ஆறு வற்றினால் எந்த வழியாக அழைத்துச் செல்வார்கள், பயணம் நின்றால் பணத்தில் எவ்வளவு திரும்பும், ஊர்மக்களுக்கு அந்த மாதத்தில் படகும் எரிபொருளும் தேவைப்பட்டால் பயணத்தைத் தள்ளிவைப்பார்களா என்ற மூன்றையும் விடுதியிடம் கேளுங்கள். பதில் எழுத்தில் கிடைத்த பிறகு முன்பணம் செலுத்துங்கள்.